காணாமற்போன வை

1. எதிர்மாறாக வந்த இரண்டு ரிப்போட்

கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தின் மூலக்கூற்றுப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்த காலம். ஒரு காலை இரண்டு ரிப்போட் என் கையொப்பத்துக்காக மேசையில் கிடந்தன. இரண்டும் நுரையீரல் புற்றுநோய். இரண்டையும் வாசித்துவிட்டுப் பேனையை மூடி வைத்தேன்.

முதலாவது அந்தோனியுடையது. கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். புகைத்தல் என்ற இடத்தில் ஆஸ்பத்திரியில் யாரோ "ஆம்" என்று எழுதி, அது போதாது என்று பட்டதுபோல "மிக அதிகம்" என்றும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள். இரண்டாவது பரமேஸ்வரி ரீச்சருடையது. வெள்ளவத்தையில் இருப்பவர், பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர், கணவரை இழந்தவர். புகைத்தல்: இல்லை.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் பார்ப்பது கட்டியை அல்ல, கட்டிக்குள் எந்தப் பரம்பரை அலகு கெட்டுப்போயிருக்கிறது என்பதை. அதில் ஆண் பெண் வித்தியாசம் உண்டு. ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற அலகில் வரும் விகாரம் எங்கள் பக்கத்துப் பெண்களில், அதிலும் சிகரட்டைத் தொடாத பெண்களில், அதிகம் காணப்படும். அதற்கென்று குளிசை இருக்கிறது. கே-ராஸ் என்ற அலகில் ஒரு குறிப்பிட்ட விகாரம் இருக்கிறது. அது பெரும்பாலும் புகையிலை பதித்துவிட்டுப் போகிற அடையாளம். இந்த வித்தியாசம் ஏன் என்று கேட்டால் ஓமோன் என்பார்கள், சமையற்புகை என்பார்கள், பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இரண்டு இருப்பதால் என்பார்கள். முழுப் பதில் இன்னும் யாரிடமும் இல்லை.

என் மேசையில் கிடந்த ரிப்போட்களின்படி, ஈ.ஜி.எஃப்.ஆர் இருந்தது அந்தோனிக்கு. புகையிலை அடையாளத்தோடு கே-ராஸ் இருந்தது பரமேஸ்வரி ரீச்சருக்கு.

இரண்டு பேருடைய பயொப்சித் துண்டும் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்து, ஒரே பெட்டியில், மெழுகு பிளொக்குகளாக, அடுத்தடுத்த இலக்கத்தோடு வந்திருந்தன. ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் இந்த இடத்தில் இலக்கங்களை மறுபடி பார்ப்பார்கள். பிளொக் மாறியிருந்தால் வேலை செய்யாத குளிசையை அந்தோனி விழுங்கிக்கொண்டிருப்பார். வேலை செய்யக்கூடிய குளிசை ரீச்சருக்குக் கிடைக்காமலே போகும்.

எங்கள் தலைமை வைத்தியர் டொக்டர் ஃபரீனாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியாட்களுடன் ஆங்கிலம் பேசுகிறவர், பதற்றம் வந்தால் வீட்டுத் தமிழுக்கு வந்துவிடுவார்.

"ரிப்போட்ட அனுப்ப வாணாம். மாறி ஈக்கும் போல ஈக்குது," என்றார்.

புகைக்கிற ஆணுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர் வரக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்று மட்டும் அப்படி வந்திருந்தால் இருவரும் கையொப்பம் இட்டிருப்போம். இரண்டும் ஒன்றாகத் தலைகீழாக நின்றதுதான் பயமுறுத்தியது. இதற்கிடையில் அந்தோனியின் மகள் ரிப்போட் எங்கே என்று தினமும் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பனுக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை, கதிரையில் இருந்தபடிதான் நித்திரை என்றாள்.

2. தெகம கேனு

துண்டு மாறிவிட்டதா என்று பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. பிள்ளையின் தகப்பன் யார் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைக்குப் பாவிக்கிற அதே கிட். ஆளுக்கு ஆள் வேறுபடுகிற இடங்களை அது வரைபடமாகக் காட்டும். கூடவே எக்ஸ், வை என்று இரண்டு மேடுகளையும் காட்டும். இரண்டும் இருந்தால் ஆண், எக்ஸ் மட்டும் இருந்தால் பெண். எங்கள் கணக்கு சுலபமானது. அந்தோனியின் பிளொக் பெண் என்றும் ரீச்சரின் பிளொக் ஆண் என்றும் வந்தால் மாறியது உறுதி. நேரே வந்தால் மாறவில்லை.

அந்த மெசினைப் பார்த்துக்கொள்பவர் நுவன். என்னோடு நீண்டகாலம் வேலை செய்தவர். எந்த விசயத்துக்கும் அவசரப்படாதவர், மெசினில் தீப்பிடித்தாலும் அப்பியாசக் கொப்பியில் குறித்துவிட்டுத்தான் சொல்ல வருவார் என்று நாங்கள் சிரிப்பதுண்டு. அன்று அவர் கொஞ்சம் வேகமாக நடந்து வந்தார்.

"மிஸ், தெகம கேனு," என்று சிங்களத்தில் சொன்னார்.

இரண்டுமே பெண்.

நான் இலக்கங்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். பிளொக்குகளில் இருந்து புதிதாக வெட்டி மறுபடியும் ஓட்டச் சொன்னேன். ஓட்டினார். அந்தோனியின் பிளொக் பெண், ரீச்சரின் பிளொக்கும் பெண். ஒரே பெண்ணா என்றால் அதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்று வரைபடம் தெளிவாகச் சொன்னது.

டொக்டர் ஃபரீனா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எங்களுக்கு ஒரு ஆணும் பெண்ணும் தேவைப்பட்டார்கள். கிடைத்தது இரண்டு பெண்கள். அப்படியென்றால் அந்தோனியின் பெயரோடு இருப்பது யாரோ மூன்றாவது பெண்ணுடைய துண்டா? அவள் எங்கே? தனக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிய ரிப்போட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எங்காவது பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாளா? ஆஸ்பத்திரிக்கு அழைத்து அன்றைக்கு எடுத்த பயொப்சிகள் எத்தனை என்று கேட்டோம். நுரையீரல் பயொப்சி இரண்டே இரண்டுதான் என்றார்கள்.

மிச்சம் இருந்த வழி, இருவருடைய கன்னத்தின் உட்பக்கத்தையும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துவந்து பிளொக்குகளோடு ஒப்பிடுவது. அதிலும் பொருந்தாவிட்டால் இருவருக்கும் மறுபடி நெஞ்சில் ஊசி ஏற்ற வேண்டிவரும். அந்தோனிக்கு மூச்சு இருந்த நிலையில் அதை யோசிக்கவே விருப்பமில்லை.

3. ரீச்சர் வீடு

பரமேஸ்வரி ரீச்சரின் ஃபிளாட் எங்கள் வீட்டில் இருந்து நடந்து போகும் தூரம், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். ஆளை அனுப்புவதை விட நானே போவது மரியாதை என்று நினைத்தேன்.

கதவைத் திறந்தது மகன் குகன். ஐம்பதை நெருங்கிய வயது, காப்புறுதி நிறுவனம் ஒன்றில் முகாமையாளர். ரீச்சர் மெலிந்துபோய் இருந்தார், ஆனால் சேலையில் ஒரு மடிப்புக் குலையவில்லை. நான் என் பெயரைச் சொன்னதும் எந்தப் பாடசாலை, உயர்தரத்தில் கணிதத்துக்கு என்ன எடுத்தனீர் என்று கேட்டார். சாதாரண சித்தி, வெறும் பாஸ், என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு விளங்கப்படுத்துவது எனக்குக் கடினமாகிவிட்டது.

இருந்தாலும் சொன்னேன். வந்திருக்கிற முடிவு வழமையாகப் புகைக்கிறவர்களில் காண்கிறது, அதனால் துண்டு மாறியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறோம் என்றேன். குகன் என்னை முடிக்க விடவில்லை.

"அம்மா சிகரட் புகையக் கண்டாலே மற்றப் பக்கம் போற ஆள். உங்கட லாப்பிலதான் பிழை நடந்திருக்கு," என்றார்.

கீழ்மாடியில் இருக்கிற கணக்காளர் ஒருவர் சிகரட் பிடித்து, அந்த மணம் குளியலறை ஜன்னல் வழியாக மேலே வருகிறதென்று அம்மா ஃபிளாட் கமிட்டிக்கே முறைப்பாடு கொடுத்தவர் என்றும், கமிட்டி அந்த மனிதருக்கு எச்சரிக்கை அனுப்பியது என்றும் சொன்னார். கணக்காளர் தன் வாழ்நாளில் சிகரட்டைத் தொட்டதில்லை என்று குர்ஆன் மேல் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாராம், யாரும் நம்பவில்லையாம்.

குகன் சொல்லி முடித்ததும், எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் பால் இல்லை, காலி வீதிக் கடையில் வாங்கிவா என்று ரீச்சர் அவரை அனுப்பினார். மேசையில் பால்மா டின் இருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். குகன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

படியில் காலடிச் சத்தம் அடங்கும்வரை ரீச்சர் காத்திருந்தார்.

"துண்டு மாறினதெண்டா என்ன செய்வியள்?"

"குச்சியால எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பம். அதுவும் சரிவராட்டி, திரும்ப ஊசி போட வேண்டி வரும் ரீச்சர்."

"ஊசி தேவையில்லைப் பிள்ளை," என்றார். "அந்தத் துண்டு என்ர தான்."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். கம்பஸில் இறுதி ஆண்டுச் சோதனைக்குப் படிக்கும்போது அறைத்தோழி ஒருத்தி நித்திரை வராமல் இருக்கப் பழக்கியது. தோழி பட்டம் பெற்றதும் விட்டுவிட்டாள், இவரால் விட முடியவில்லை. கணவருக்குத் தெரியாது. விடைத்தாள் திருத்தும் காலத்தில் கூடும், விடுமுறையில் குறையும். குளியலறையில் கதவைப் பூட்டி, விசிறியைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் நின்று பிடிப்பது. ஒருநாள் குகன் மணம் வருகிறதே என்று கேட்டபோது வாயில் வந்தது கீழ்வீட்டுக்காரர். ஒருமுறை சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுவதற்காகக் கமிட்டி வரைக்கும் போகவேண்டி வந்துவிட்டது.

இதை அவர் சொன்ன விதம் ஒரு தேற்றத்தை நிறுவுகிற மாதிரி இருந்தது, படி தவறாமல். நானும் சிரிக்காமல் கேட்டேன். இது வைத்தியருக்குத் தெரிய வேண்டியது, வெறும் பழக்கம் பற்றிய விசயமில்லை, எந்த மருந்து நன்றாக வேலை செய்யும் என்பதிலும் இதற்குப் பங்கு இருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வைத்தியருக்கு எழுதலாம், மகனுக்கு வேண்டாம் என்றார். குச்சியில் மாதிரி எடுத்துக்கொண்டு எழும்பினேன். பால் வருமட்டும் இருக்கவில்லை.

4. படிக்கட்டில்

குகன் கடைக்குப் போயிருக்கவில்லை. இரண்டு மாடி கீழே, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"சொல்லிப்போட்டாவோ?" என்று கேட்டார்.

நோயாளி சொன்னதை நான் யாருக்கும் சொல்ல முடியாது என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொல்லத் தேவையில்லை, தனக்குப் பாடசாலைக் காலத்தில் இருந்தே தெரியும் என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"நான் முதல் முதல் பத்தின சிகரட் அம்மான்ர பைக்கெட்டில இருந்து எடுத்தது. குறையுறதை அவ கண்டிருப்பா. ஆனா யாரிட்ட கேக்கிறது?"

கேட்டால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அம்மா கேட்கவில்லை. மகன் கலியாணத்தோடு விட்டுவிட்டார். அம்மா விடவில்லை என்று குளியலறை விசிறி சொல்லிக்கொண்டே இருந்தது. அப்படியானால் ஆஸ்பத்திரியில் கேட்டபோது ஏன் இல்லை என்று எழுத விட்டீர்கள் என்று கேட்டேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்திருந்தது.

அந்த வரவேற்பு மேசையில் அம்மாவிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள் என்றார் அவர். தாதி சத்தமாகக் கேட்டாள். குகன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு இல்லை என்று தானே முந்திக்கொண்டு சொன்னார். அந்த இடத்தில் என் தாய் நின்றிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அன்றிரவு தாயும் மகனும் பேசிக்கொண்டார்களா என்று தெரியாது. ஆனால் கணக்காளர் வீட்டுக்கு ஒரு தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் போயிற்று என்று பிறகு குகன் சொன்னார். காரணம் தெரியாமல் அந்த மனிதர் சில நாள் அதைத் தொடாமலே வைத்திருந்தாராம்.

ரீச்சரின் குச்சி அவருடைய பிளொக்கோடு அச்சொட்டாகப் பொருந்தியது. ஒன்று தீர்ந்தது.

5. நாலு பிள்ளைகளின் தகப்பன்

அந்தோனியும் மனைவி மேரியும் ஆய்வுகூடத்துக்கே வந்தார்கள். அந்தோனி பெரிய உடம்பு, மூச்சுக்காக வாசலில் ஒருமுறை, கதிரைக்குப் பக்கத்தில் ஒருமுறை நின்று வந்தார். நான் சுற்றிவளைக்காமல் சொல்ல நினைத்தேன். உங்கள் துண்டில் எக்ஸ் மட்டும்தான் தெரிகிறது, வை தெரியவில்லை, அதனால் உங்களுடையதுதானா என்று உறுதி செய்யவேண்டும் என்றேன்.

அந்தோனி யோசித்தார்.

"மிஸ், நேரா கேக்கிறேன். என்ட கட்டி பொம்பளயா?"

எனக்கு முன்னால் மேரி பதில் சொன்னார். "மிஸ், எங்களுக்கு நாலு புள்ள. நாலும் இவரு மூக்கோடதான் பொறந்திச்சு. இதுக்கு மேல என்ன செக் பண்றது?"

அவரைச் சமாதானப்படுத்தப் போய் நான் ஒரு மடத்தனம் செய்தேன். இது ஒன்றும் புதிய பரிசோதனை இல்லை, பிள்ளையின் தகப்பன் யார் என்று பார்க்கிற அதே முறைதான் என்று சொல்லிவிட்டேன். மேரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தோனி அவரைத் திரும்பிப் பார்த்தார். இந்த வயதில் அந்தச் சந்தேகம் யாருக்கு வந்தது என்று மேரி கேட்டார், அதுவும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, துண்டுக்கும் ஆளுக்கும்தான் சம்பந்தம் என்று நானும் நுவனும் மாறி மாறிச் சொல்லி, நுவன் சிங்களத்திலும் ஒருமுறை சொல்லி, அந்தோனியை வாய் திறக்கவைத்தோம்.

பின்னேரம் முடிவு வந்தது. கன்னத்து மாதிரியில் எக்ஸும் வையும் இரண்டு தென்னைமரம் போல உயரமாக நின்றன. மற்ற எல்லா இடங்களும் பிளொக்கோடு பொருந்தின. துண்டு அந்தோனியுடையதுதான். அப்படியானால் வை எங்கே?

டொக்டர் ஃபரீனா கண்ணாடித் தகட்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துக் கனநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். துண்டு முழுக்கப் புற்றுக்கலம். நல்ல கலம் அங்கொன்றும் இங்கொன்றும். புற்றுக்கலங்கள் தலைதெறிக்கப் பெருகுகிறவை. பிரியும் அவசரத்தில் வை நிறமூர்த்தத்தைத் தவறவிட்டுவிடும். வயதான ஆண்களில், அதிலும் புகைக்கிற ஆண்களில், இது நடப்பது என்று இருவரும் வாசித்திருந்தோம். இப்படி முழுதாகக் காணாமற்போய் எங்கள் கண்முன்னால் வந்தது அதுதான் முதல் தடவை. நுவன் பழைய வரைபடத்தைப் பெரிதாக்கினார். வை இருக்கவேண்டிய இடத்தில் எறும்பு ஏறி இறங்கிய அளவுக்கு ஒரு மேடு இருந்தது. மிச்சமிருந்த நல்ல கலங்களுடையது. மெசின் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது பெண் என்று ஒருத்தி இருக்கவே இல்லை. டொக்டர் ஃபரீனா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் குடிக்காமல் வைத்திருந்த தேத்தண்ணியை ஆறிப்போனது என்றும் பாராமல் குடித்தார். நான் இரண்டு ரிப்போட்டிலும் கையொப்பம் இட்டேன். முடிவுகளில் ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, ரீச்சரின் வைத்தியருக்கு மட்டும் தனியே ஒரு குறிப்பு எழுதினேன்.

6. அதற்குப் பிறகு

அந்தோனிக்குக் குளிசை தொடங்கியது. சில வாரங்களில் கதிரையை விட்டுக் கட்டிலில் படுத்தார் என்று மகள் போன் எடுத்துச் சொன்னாள். முறைப்பாடு இல்லாமல் அவள் எடுத்த முதலாவது அழைப்பு அது. பிறகொரு நாள் கொட்டாஞ்சேனைச் சந்தையில் கண்டேன். சிகரட்டை விட்டுவிட்டதாக அவர் சொன்னார், விட்டுவிட்டார் என்று மேரியும் உறுதிப்படுத்தினார். கோயிலில் சினேகிதர்கள் நோயைப் பற்றிக் கேட்டால், "கட்டிக்கு மட்டும்தான் வை இல்ல, எனக்கு இருக்குது, லாப்ல எழுதி வாங்கி வச்சிருக்கேன்" என்று சொல்கிறாராம்.

ரீச்சருக்கு வேறு சிகிச்சை. எளிதாக இருக்கவில்லை. நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். ஆனால் வைத்தியர் கையில் உண்மை இருந்தது, கட்டி சுருங்கியது. நான் பார்க்கப் போனபோது உயர்தரக் கணிதத்தை இந்த வயதிலும் திருத்தலாம் என்று சொல்லி எனக்கு ஒரு புத்தகம் தந்தார்.

நான் படித்தது இதுதான். பெண் என்றால் இன்ன விகாரம், ஆண் என்றால் இன்ன விகாரம் என்பது கூட்டத்தைப் பற்றிய உண்மை. மேசையில் கிடக்கிற துண்டு ஒரு ஆளுடையது. கூட்டத்தை வைத்துச் சந்தேகப்படலாம், அது எங்கள் கடமை. தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னொன்று, புகைப்பீர்களா என்ற கேள்வியைப் பெண்ணிடம் கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று முதலில் பார்க்கவேண்டும். எங்கள் ஆய்வுகூடத்தில் அதன்பிறகு பெண்களைத் தனியே உள்ளே கூப்பிட்டுத்தான் கேட்டோம்.

அப்படி நான் முதலாவதாகக் கூப்பிட்டது இரத்மலானையில் இருந்து வந்த ஒரு அம்மாவை. கணவர் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார், சட்டைப்பையில் சிகரட் பைக்கெட். அம்மா தான் ஒருநாளும் தொட்டதில்லை என்றார். அவருடைய முடிவும் ஈ.ஜி.எஃப்.ஆர், நான் நம்பினேன். எழும்பப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"இது அவற்ற சிகரட்டாலதான் வந்ததெண்டு அவருக்குச் சொல்லுவீங்களோ?"

அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, பக்கத்தில் புகைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம், வேறு காரணங்களும் இருக்கலாம் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப இருக்கலாம் எண்டதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

வெளியே போய்க் கணவரிடம் விஞ்ஞானம் அனுமதிக்கிற அளவுக்கு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் பைக்கெட்டை எடுத்து மூலையில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். அம்மா எனக்குப் பின்னால் நின்று, இதில் தனக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் போல, சுவரில் இருந்த சீனி வியாதி அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தார்.